தேசிக்காய் போன வழி

வில்லூன்றி

சீதைக்குத் தாகம் எடுத்தது. இராமன் வில்லின் நுனியை உப்புக் கடலில் ஊன்றினான். நல்ல தண்ணீர் பொங்கியது. இராமநாதபுரம் பக்கத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. தங்கச்சிமடத்தில் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் சிறு பாலத்தின் முனையில் அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது. சுற்றிலும் கடல், வாளியை இறக்கினால் குடிக்கத்தக்க தண்ணீர். வில்லூண்டி தீர்த்தம் என்போம்.

பாக்கு நீரிணையின் மறுகரையில், யாழ்ப்பாண நகரத்தின் மேற்கு விளிம்பில், நாவாந்துறைப் பக்கம் இன்னொரு வில்லூன்றி இருக்கிறது. அதே இராமன், அதே வில். பரவைக்கடல் ஓரத்தில் கல்லால் கட்டிய தீர்த்தம், பக்கத்தில் பிள்ளையார் கோயில், கொஞ்சம் தள்ளி மயானம். ஆடி மாதத்துச் சோளகக் காற்று தண்ணீரைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கோயில் படியில் இருந்த பெரியவரிடம், எங்கள் ஊரிலும் இதே கதை உண்டு, இதே பெயர் உண்டு என்றேன். அவருக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. "ஓம் பிள்ளை, அங்க ஊன்றிப்போட்டுத்தானே இங்கால வந்தவர்" என்றார். எங்கள் கரையில் முடிந்துபோன கதை என்று நான் நினைத்திருந்ததை அவர் வழியில் இருக்கும் ஓர் இடமாக ஆக்கிவிட்டார்.

இந்தத் தீர்த்தத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. அது புராணத்தில் இல்லை. 1944-இல் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள் தங்கள் பிணத்தை வில்லூன்றி மயானத்தில் எரிக்கப் போனார்கள். அதுவரை அங்கே எரிக்கும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. முதலி சின்னத்தம்பி என்பவர் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்துத் தீண்டாமை எதிர்ப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பெயரைத் தாண்டிப் போவதில்லை. தீர்த்தங்களைப் பார்க்க வந்த நானும் தாண்டிப் போக விரும்பவில்லை. நீரைப் பற்றிய எந்தக் கதையும் யார் அதைத் தொடலாம் என்ற கேள்வியோடு சேர்ந்தே இந்த மண்ணில் நடந்திருக்கிறது.

நல்லூர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மழைக்காலத்தில் மட்டும் தெல்லிப்பளைப் பக்கமிருந்து அராலி வரைக்கும் வழிந்தோடும் வழுக்கியாறு ஒன்று உண்டு. ஆடியில் அதன் தடத்தைக் காட்டித்தர ஊர்க்காரர் ஒருவர் வேண்டும். ஆறு இல்லாத நாட்டின் அரசன் என்ன செய்வான்? நல்லூரில் ஆண்ட அரசன் யமுனையிலிருந்து காவடியில் நீர் எடுத்துவரச் செய்து தன் கேணியில் வார்த்தான் என்கிறது மரபு. சங்கிலியன் தோப்புக்குப் பக்கத்தில், 'ப' எழுத்தின் வடிவத்தில், பழைய கற்படிகளோடு கிடக்கிறது அந்த யமுனா ஏரி. ஏரி என்று சொல்ல முடியாத அளவு சின்னது. பாசி படர்ந்திருந்தது. இரண்டு பையன்கள் படியில் உட்கார்ந்து தொலைபேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வைகையில் தண்ணீர் வராத வருடங்களை எண்ணி வளர்ந்தவள் நான். ஆனாலும் எங்களுக்கு ஆறு என்று ஒன்று உண்டு. மணலாகவாவது அது அங்கே கிடக்கும். அடியோடு ஆறே இல்லாத மண்ணில், நீரின் புனிதத்துக்கு வேறு இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடம் கிணறு.

கிணற்றைக் கும்பிடும் இன்னொரு நாட்டின் ஞாபகம் எனக்கு யாழ்ப்பாண நகரத்திலேயே வந்தது. பெரியகோயில் வட்டாரத்தில் புனித பத்திரிசியார் கல்லூரி இருக்கிறது. அயர்லாந்தின் காவல் புனிதரின் பெயர். அயர்லாந்திலிருந்து வந்த அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் பலர் அங்கே கற்பித்திருக்கிறார்கள். அந்தத் தீவிலும் ஊருக்கு ஊர் புனிதக் கிணறு உண்டு. பத்திரிசியாரின் பெயரால் பல, புனித பிரிஜித்தின் பெயரால் பல. கிணற்றைச் சூரியன் போகும் திசையில், நம் கோயிலைச் சுற்றுவது போலவே வலமாகச் சுற்றுவார்கள். பக்கத்து மரத்தில் நோயாளியின் துணியைக் கிழித்துக் கட்டுவார்கள். துணி மக்க மக்க நோயும் போகும் என்று நம்பிக்கை. கண்நோய்க்கென்றே தனிக் கிணறுகள் உண்டு. சில கிணறுகளில் ஒரு மீன் வாழும். அது கண்ணில் பட்டால் வேண்டியது நடக்கும். கிறித்தவம் அங்கே போவதற்கு முன்பே இந்த வழக்கங்களின் வேர் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. நான் பெரிதாக எண்ணுவது வேறொன்று. அங்கும் இங்கும் இந்த நம்பிக்கையைக் காத்துவந்தவர்கள் பெரும்பாலும் குடம் எடுத்துப் போகிற பெண்கள்.

நிலாவரை

நகரத்திலிருந்து வடகிழக்காகப் போகப் போக மண் சிவக்கிறது. வெங்காயப் பாத்தி, மரவள்ளி, புகையிலை விட்டுப்போன தரை, வாழை, மறுபடி வெங்காயம். பனை வரிசைகள் காணியின் எல்லையைச் சொல்கின்றன. எங்கள் பக்கத்துப் பனங்காடு கேட்பாரில்லாமல் கிடப்பது. இங்கே ஒவ்வொரு மரமும் யாரோ ஒருவர் கணக்கில் நிற்பது மாதிரி நிற்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கிணறு, அதன் தலையில் ஒரு இறைக்கும் மெஷின். முன்பு இதே கிணறுகளில் துலா நின்றது. துலா மரத்தில் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே இன்னொருவர் பனையோலைப் பட்டையில் வரும் நீரை வாய்க்காலுக்குள் கவிழ்ப்பார். விடிவதற்கு முன்பே துலா மிதிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று வயதானவர்கள் சொல்கிறார்கள்.

புத்தூருக்குப் பக்கத்தில், நவக்கிரியில், இராச வீதியோரம் நிலாவரை. கிணறு என்று தேடிப் போனால் முதலில் ஏமாற்றம்தான்: துலாவும் இல்லை, வட்டச் சுவரும் இல்லை. தரையில் நீள்சதுரமாகப் பிளந்த பெரிய பள்ளம், பாறை விளிம்பு, இறங்கப் படி, அதற்குள் கருநீலமாக அசையாத தண்ணீர். எட்டிப் பார்த்ததும் கால் தானாகப் பின்னே வந்தது. ஓரமெல்லாம் சுற்றியிருக்கும் பச்சை நீர் சட்டென்று தீர்ந்து நடுவில் நிறமே மாறிவிடுகிறது.

இதுவும் இராமன் கதைதான். வானரப் படைக்குத் தாகம் எடுக்க, அம்பை எய்து நீர் வருவித்தான். பக்கத்துச் சிவன் கோயிலில் அவன் வைத்து வணங்கிய இலிங்கம் என்று காட்டுகிறார்கள். ஆனால் நிலாவரையை நிலாவரையாக்குவது இராமனல்ல, ஒரு தேசிக்காய். எலுமிச்சையை இங்கே தேசிக்காய் என்பார்கள். நிலாவரையில் தேசிக்காயைப் போட்டால் அது வடக்கே கடலோரத்தில் இருக்கும் கீரிமலைக் கேணியில் மிதக்கும். யாழ்ப்பாணத்தில் நான் பேசியவர்களில் இதைக் கேள்விப்படாதவர் ஒருவரும் இல்லை. போட்டுப் பார்த்தவர் எவரும் இல்லை. ஆனால் போட்டுப் பார்த்தவரைத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் இருக்கிறார்.

தண்ணீர் பார்க்க வந்திருந்த ஒரு தோட்டக்காரர், கையில் மண்வெட்டியோடு, தானாகவே என்னிடம் கதைக்கத் தொடங்கினார். "அடி இல்லையெண்டு சொல்லுவினம் தங்கச்சி. நேவிக்காரர் இறங்கிப் பாத்தவங்கள். அடி இருக்காம். அடியில மாட்டு வண்டில் கிடக்காம்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா பக்கத்தால குகை மாதிரிப் போகுதாம். எங்க போகுதெண்டு ஆருக்குத் தெரியும்?" கையை வடமேற்காக, கீரிமலைப் பக்கம் காட்டினார்.

சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். 1859-இல் வந்த அவருடைய இலங்கை பற்றிய பெரிய நூலில் புத்தூர்க் கிணறு வருகிறது. கடல் ஏறி இறங்குவதோடு இந்தக் கிணற்று நீரும் சில அங்குலம் ஏறி இறங்குவதையும், எவ்வளவு இறைத்தாலும் குறையாததையும் அவர் எழுதியிருக்கிறார். டெனன்ட் அயர்லாந்துக்காரர், பெல்ஃபாஸ்டில் பிறந்தவர். நிலாவரை விளிம்பில் அவர் நின்றிருந்தால், சொந்தத் தீவின் கிணறு எதையும் நினைத்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அயர்லாந்தின் மேற்கே கிளேர் மாவட்டத்தில் பரன் என்ற சுண்ணாம்புப் பாறை நிலம் இருக்கிறது. அங்கே ஓடைகள் நடுவழியில் தரைக்குள் மறையும், வேறெங்கோ ஊற்றாக எழும்பும். மழைக்குக் குளமாக நிறைந்து, கோடையில் புல்வெளியாக மாறும் பள்ளங்கள் உண்டு. அந்த மாவட்டத்தில்தான், லிஸ்கேனர் அருகே, புகழ்பெற்ற பிரிஜித் கிணறும் இருக்கிறது.

யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக் கல்தான். மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்து எழுந்த கல். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே ஓட்டையும் வெடிப்புமான பாறை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழை ஆறாக ஓட நேரமில்லாமல் நேரே உள்ளே இறங்குகிறது. உள்ளே கடல்நீரும் இருக்கிறது, நாலு பக்கமிருந்தும் ஊறி வந்தது. நன்னீர் எடை குறைவு. ஆகவே அது உப்பு நீரின்மேல் தங்குகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் கணக்கு. அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு அதே நாற்பது மடங்கில் ஏறிவரும். நிலாவரையில் மேல்நீர் குடிக்கலாம். ஆழம் போகப் போக உவர். இன்னும் கீழே கடல். பாறைக் கூரை இடிந்து உள்ளிருக்கும் நீர் வெளியே தெரிந்த இடம் நிலாவரை. ஊரெழுவில் உள்ள பொக்கணையும் இப்படித் திறந்ததுதான்.

அப்படியானால் தேசிக்காய்க் கதையை மூடநம்பிக்கை என்று எப்படித் தள்ளுவது? பழம் உருண்டு போகக் குழாய் இருக்க வேண்டியதில்லை. ஆனால் கிணறுகள் தனித்தனி இல்லை, ஒரே நீர்தான் அங்கங்கே கண் திறந்திருக்கிறது என்பதைத் துளைக்கருவியோ வரைபடமோ வருவதற்கு முன்பே ஒரு சமூகம் அறிந்திருக்கிறது. அறிந்ததைக் குழந்தைக்கும் புரியும்படி ஒரு எலுமிச்சம்பழத்தில் வைத்திருக்கிறது. அயர்லாந்துக் கதை ஒன்றில் போவன் என்பவள் விலக்கப்பட்ட கிணற்றை இடமாகச் சுற்ற, கிணறு பொங்கி அவளைக் கடல் வரை துரத்தி பாயின் ஆறாக ஆகிவிடும். அங்கே கிணற்றிலிருந்து ஆறு வெளியே வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறு வெளியே வரவேயில்லை. தேசிக்காய் மட்டும் அதன் வழி தெரிந்துகொண்டு போகிறது.

சுன்னாகம்

சுன்னாகம் சந்தையில் வாழைக்குலைகளை வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்கு ஒரு சிறு கடையில் இடியப்பமும் சொதியும் கிடைத்தன. சொதியில் தேங்காய்ப்பாலின் வெள்ளை, அதில் ஒரு பச்சை மிளகாய், கடைசியில் பிழிந்த தேசிக்காய்ப் புளி. எங்கள் ஊர் இடியாப்பத்துக்குச் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டே பழக்கம்; இந்தச் சொதியைக் குடித்தபிறகு அதற்குத் திரும்புவது கடினம். கடைக்காரப் பெண் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து வைத்தார், மூடி திறக்காத போத்தல். கிணற்றுத் தண்ணீர் இல்லையா என்று கேட்டதற்கு, "இருக்கு. குடிக்கத் தாறேல்ல அக்கா" என்றார்.

2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் இந்த வட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது பெரிய போராட்டமாக வெடித்தது. சுன்னாகத்தில் டீசல், உலை எண்ணெய் கொண்டு மின்சாரம் எடுத்த நிலையத்தின் கழிவு நிலத்துக்குள் இறங்கியிருந்தது. மக்கள் போத்தல்களில் கிணற்று நீரை ஏந்தி வீதிக்கு வந்தார்கள். பள்ளிகளுக்குப் பவுசரில் தண்ணீர் வந்தது. சுற்றுச்சூழல் ஆர்வலர் ஒருவர் தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் அங்கு மின்சாரம் உற்பத்தி செய்த தனியார் நிறுவனத்தின் மீது 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

சுன்னாகத்தில் கொட்டியது சுன்னாகத்திலேயே கிடக்கவில்லை. தெல்லிப்பளை, உடுவில் பக்கத்துக் கிணறுகளிலும் பயம் பரவியது. இதே நிலத்தடி நீர்தான் கீரிமலை வரைக்கும் போகிறது. அந்தச் சொதிக் கடையில் உட்கார்ந்து யோசித்தபோது, தேசிக்காய்க் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்ன பாட்டிமார் நிலையத்தைக் கட்டியவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. இங்கே போட்டது அங்கே மிதக்கும். அதைவிடத் தெளிவான சுற்றுச்சூழல் எச்சரிக்கை எனக்குத் தெரியாது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தது என்பதால் சனம் எழும்பியது. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் கொட்டும் உரமும், மலசலக்கூடக் குழிகளும் நீரில் ஏற்றிவிட்ட நைத்திரேற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. குடாநாட்டுக் கிணறுகளைச் சோதித்தவர்கள் அதைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

அயர்லாந்தில் ஒரு நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. புனிதக் கிணற்றில் யாராவது அழுக்குத் துணி துவைத்தாலோ, மாட்டைக் கழுவினாலோ, கிணறு கோபித்துக்கொண்டு ஓர் இரவில் வேறு இடத்துக்குப் போய்விடும். பழைய குழி வறண்டு கிடக்கும். இதைக் கடைக்காரப் பெண்ணிடம் சொன்னேன். அவர் இன்னொரு இடியப்பத்தைத் தட்டில் வைத்தபடி, "எங்கட கிணறு ரோசமில்லாமல் இங்கேயே கிடந்திட்டுது" என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது. கிணற்றின் மேல் இல்லை.

மாவிட்டபுரம்

வடக்கே போகப் போக வீடுகள் குறைகின்றன. புதுச் சீமேந்து வீடு ஒன்று, அதற்கு அடுத்து கூரையில்லாத சுவர்களுக்குள் ஆலமரம் வளர்ந்த வீடு ஒன்று. 1990 ஜூனில் இந்த வலிகாமம் வடக்குப் பகுதியின் சனம் போரால் மொத்தமாக இடம்பெயர்ந்தது. அதன்பின் பல ஆண்டுகள் இது உயர் பாதுகாப்பு வலயம். போர் முடிந்தபிறகு துண்டு துண்டாகக் காணிகள் விடுபட்டன. சில இன்னும் விடுபடவில்லை.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் அந்த வருடங்களில் சிதைந்து, பிறகு எழும்பியது. இதன் கதையை 18-ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில், மயில்வாகனப் புலவர் 'யாழ்ப்பாண வைபவமாலை'யில் எழுதி வைத்தார். சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரை முகம். தீராத நோயும் சேர்ந்திருந்தது. எத்தனையோ தீர்த்தம் ஆடியும் போகாதது, ஒரு துறவியின் சொற்படி கடல் தாண்டி வந்து கீரிமலையில் நீராடியதும் போனது. மா, அதாவது குதிரை, விட்டுப்போன ஊர் மாவிட்டபுரம். நன்றிக்கடனாக அவள் முருகனுக்குக் கோயில் கட்டினாள். திருவுருவம் வந்திறங்கிய துறைதான் காங்கேசன்துறை. அவளை மணந்த உக்கிரசிங்கன் சிங்கமுகம் கொண்டவன் என்பதும் கதையில் உண்டு.

சிறுவயதில் இந்தக் கதையைப் படித்தபோது மந்திரமாக இருந்தது. இப்போது வேறாகத் தெரிகிறது. தன் முகத்தை யாரும் பார்க்கச் சகிக்காத பெண் ஒருத்தி, பிறந்த நாட்டை விட்டுப் புறப்பட்டு, தெரியாத கரையில் பாளையம் அடித்துத் தங்கி, நாள்தோறும் குளித்துத் தன்னை மீட்டுக்கொள்கிறாள். அவளுக்கு அந்த நீரைத் தொட யாரும் தடை போடவில்லை.

அதே கோயிலின் வாசலில் 1968-இல் தடை போடப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே நுழைந்து வழிபட வந்தபோது, முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் தன் ஆதரவாளர்களோடு நின்று மறித்தார். சமூகக் குறைபாடுகளை ஒழிக்க 1957-இல் சட்டம் வந்து பத்தாண்டு கடந்திருந்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்தக் காலத்தில் பல ஊர்களில் நல்லதண்ணிக் கிணற்றில் வாளி போட ஒடுக்கப்பட்டவர்களுக்கு உரிமையில்லை. கிணற்றடியில் குடத்தோடு நின்று, யாராவது மேல்சாதிக்காரர் மனம் வைத்து அள்ளி ஊற்றும் வரை காத்திருக்க வேண்டும். கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார். எங்கள் ஊர் ஊருணிகளுக்கும் இதே வெட்கம் உண்டு. நான் அதைத் தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

கீரிமலை

ஆடி அமாவாசைக்கு மாவிட்டபுரத்து முருகன் தீர்த்தமாடக் கீரிமலைக்கு வருகிறார். அவருக்கு முன்பே விடியற்காலையிலிருந்து சனம். வேட்டி நனைந்த ஆண்கள், தர்ப்பை, எள், பிண்டம், வாழையிலைத் துண்டுகள், வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஐயர்மார். தகப்பன் இல்லாதவர்களின் நாள் இது. அதே நேரத்தில் எங்கள் இராமேஸ்வரத்து அக்னி தீர்த்தக் கரையிலும் இதே கூட்டம் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இடையில் இருப்பது குறுகிய கடல். அங்கே என் தம்பி எங்கள் அப்பாவுக்கு எள்ளும் நீரும் விட்டுக்கொண்டிருப்பான். இங்கே நான் அதே விரதத்தோடு நின்றேன்.

கேணி கடலை ஒட்டியே இருக்கிறது. நீள்சதுரக் கல் தொட்டி, நாலு பக்கமும் படி, ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அலை. உள்ளே பாறை வெடிப்பிலிருந்து ஊறி வரும் நீர் நிறைந்து கடலுக்குள் வழிந்துகொண்டே இருக்கிறது. இளம்பச்சையும் நீலமுமாகத் தெளிந்த நீர். பையன்கள் மதில்மேல் ஏறிக் குதிக்கிறார்கள். இந்தக் குதிப்பும் கும்மாளமும் பிதிர்க்கடன் நடக்கும் இடத்துக்குப் பொருந்தாது என்று யாரும் அதட்டவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கீரிமலைக்கும் ஒரு முகம் மாறிய கதை உண்டு. நகுல முனிவருக்குக் கீரி முகம். இந்த நீரில் ஆடி ஆடி அது நீங்கியது. நகுலம் என்றால் கீரி. அருகே நகுலேஸ்வரம். போர்த்துக்கேயர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்த கோயில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆறுமுக நாவலர் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக மீண்டது. 1990-இல் குண்டுவீச்சில் மறுபடி சிதைந்தது. 2012-இல் மறுபடி குடமுழுக்குக் கண்டது. 1990-க்குப் பிறகான பல ஆடி அமாவாசைகளில் சனம் நினைத்தபடி இங்கே வரமுடியவில்லை. அந்த வருடங்களில் இறந்தவர்களின் அந்தியேட்டி வேறு கரைகளில் நடந்தது. யாழ்ப்பாணத்தார் முப்பத்தோராம் நாள் சாம்பலைக் கொண்டுவந்து கரைக்கும் இடம் இது. அதை இழந்தது ஒரு குளியல் இடத்தை இழந்தது போன்றதல்ல.

ஒரு ஐயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நடுவயதுக்காரர் தந்தையின் பெயரையும் தாத்தாவின் பெயரையும் சொன்னார். பூட்டனின் பெயரில் தடுமாறினார். பக்கத்தில் நின்ற அவருடைய மகள், பதினைந்து வயதிருக்கும், கனடாப் பேச்சில் "அப்பா, அத அப்பம்மா வாட்ஸ்அப்பில அனுப்பினவா" என்று சொல்லித் தொலைபேசியை நீட்டினாள். ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தே பெயரைச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் பிறகு பேசினேன். அவள் தாத்தா ஸ்காபரோவில் இறந்தவராம். சாம்பலின் ஒரு பங்கை அங்கே ஏரியில் விட்டார்களாம், மற்றதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். "அவருக்கு இங்க நீந்தத் தெரியும்" என்றாள். சிறுவனாக அவர் இந்த மதிலிலிருந்து குதித்திருக்கிறார்.

பெண்களுக்கான கேணி சற்றுத் தள்ளி, சுவரால் மறைத்துக் கட்டியது. ஆண்களின் கேணியைப் பார்த்துப் படம் எடுக்கிறவர்கள் இதைக் காண்பதில்லை. கடலும் இங்கே தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். குறுக்குக் கட்டோடு கிழவிமார் கழுத்தளவு நீரில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்: யாருக்கு முழங்கால் வலி, யாருடைய மகன் காணிக்கு வேலி போட்டான், பாண் என்ன விலை. நான் இறங்கினேன். நீர் குளிரவில்லை, நாக்கில் பட்டபோது மெல்லிய உப்பு. காலடியில் ஒரு கல்லிடுக்கிலிருந்து நீர் வருவதைப் பாதத்தால் உணர முடிந்தது. நிலாவரையின் ஞாபகம் வந்தது. தேசிக்காய் எப்போதாவது வந்ததா என்று பக்கத்துக் கிழவியிடம் கேட்டேன்.

"நாங்கள் பாத்ததில்லை. எங்கட ஆச்சி பாத்தவ." பிறகு என் முகத்தைக் கையால் தொட்டு, "மூழ்கு பிள்ளை, தலை நனையாட்டி விரதம் முழுமையில்லை" என்றார். மாருதப்புரவீகவல்லிக்கும் இப்படித்தான் எவளோ ஒருத்தி சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு மூழ்கினேன். அயர்லாந்தில் புனிதரின் நாளில் கிணற்றைச் சுற்றி முடித்தவர்கள் நீரைப் போத்தலில் நிரப்பி வீட்டு நோயாளிக்குக் கொண்டுபோவார்கள். இங்கும் கரையேறிய பெண்கள் ஒவ்வொருவராகச் சோடாப் போத்தல்களில் அள்ளி மூடினார்கள்.

கொல்லங்கலட்டி

விரதச் சாப்பாடு மாவிட்டபுரத்துக்கும் கீரிமலைக்கும் நடுவே உள்ள கொல்லங்கலட்டியில். என்னோடு படித்தவளின் சின்னம்மா வீடு. முதல் கவளம் காகத்துக்கு. பிறகு எங்களுக்கு: வாழைக்காய்க் கறி, பூசணி, பயிற்றங்காய், வடை, பாயசம், எல்லாவற்றுக்கும் நடுவே காத்தோட்டிக்காய். ஆடி அமாவாசைக்கு அது இல்லாமல் இங்கே இலை போடுவதில்லை. வேலியோரத்து முட்செடியின் காய். அரிந்து வறுத்தாலும் கசப்பு முழுதாகப் போகாது. நான் முகத்தைச் சுளிக்காமல் தின்றதைச் சின்னம்மா கவனித்து இன்னும் கொஞ்சம் வைத்தார். தகப்பனை நினைக்கிற நாளுக்குக் கசப்பான ஒரு காயைத் தேர்ந்தெடுத்தவர்கள் துக்கத்தை அறிந்தவர்கள்.

கோபித்துக்கொண்டு இடம் மாறும் அயர்லாந்துக் கிணற்றின் கதையை அவரிடமும் சொன்னேன். அவர் கையைத் துடைத்தபடி யோசித்தார். "கிணறு எங்க பிள்ளை போறது? நாங்கள்தான் போனம்." 1990-இல் புறப்பட்டு அளவெட்டி, மல்லாகம், கொடிகாமம், வன்னி, மறுபடி மல்லாகம். காணி விடுபட்டு வந்தபோது வீடு இல்லை. வேலி இல்லை, படலை இல்லை, ஒழுங்கை எது என்று தெரியாமல் பற்றை மூடியிருந்தது. அந்தப் பகுதியில் பலரும் தங்கள் நிலத்தைக் கண்டுபிடித்தது கிணற்றை வைத்துத்தான் என்றார். கிணற்றுக் கட்டில் கணவர் கட்டிய வருடத்தைக் கீறியிருந்தார். பாசியைச் சுரண்டியபோது இலக்கம் தெரிந்தது.

முதலில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் காணியைப் பார்த்து முடித்தார்கள். பிறகு அயலில் நாலு பேர் சேர்ந்து மெஷின் பிடித்துக் கிணறு இறைத்தார்கள். உள்ளேயிருந்து துலாவின் உக்கிய துண்டு, சைக்கிள் ரிம், ஓடுகள், சின்னம்மாவின் பித்தளைக் குடம் ஒன்று, எல்லாம் வந்தனவாம். குடம் யாருடைய கையால் விழுந்தது என்று இன்றும் தெரியவில்லை. சேறு இறைத்து, மறுபடி ஊறவிட்டு, மறுபடி இறைத்தார்கள். ஊற்று தெளிந்தபிறகு ஒரு போத்தல் நீரைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். முடிவு வரும் வரை பொறுக்காமல் சின்னம்மா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டார். அடுத்த கிழமை வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். கொத்தனாருக்குச் சீமேந்து குழைக்க அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான்.